ஆர்டர் வந்தாச்சு, மேனேஜ்மென்ட் அசையல, அடுத்து என்ன பண்றது?

யூனியன்ல சேர்ந்ததுக்காக தூக்குனவங்கள திரும்ப வேலைக்கு எடுக்கணும்னு ஆர்டர் வந்தும் மேனேஜ்மென்ட் கண்டுக்கலனா மனச விட்றாதீங்க, அமலாக்குற வேலையே இனிமேதான் ஆரம்பம்.

மொதல்ல ஆர்டர் போட்டது கோர்ட்டா, தொழிலாளர் வாரியமான்னு பாருங்க. அமெரிக்காவுல 1935 சட்டத்துல வந்த தேசிய தொழிலாளர் உறவு வாரியத்தோட ஆர்டர் தானா அமலாகாது, கம்பெனி மறுத்தா வாரியம் ஃபெடரல் அப்பீல் கோர்ட்டுக்குப் போய் அத கோர்ட் ஆர்டரா வாங்கணும், அதுக்கப்புறமும் மீறுனாதான் கோர்ட் அவமதிப்பு.

ஆர்டரோட சான்றிட்ட நகல் வாங்கி கம்பெனிக்கு அனுப்புங்க, போய் சேர்ந்ததுக்கு அத்தாட்சி வேணும், இல்லனா 'எங்களுக்கு வரவே இல்ல'ம்பாங்க.

அடுத்தது ஆதாரம், இதுலதான் நெறய பேரு கோட்ட விடுறாங்க. ஆர்டர்ல சொன்ன தேதிக்கு கேட்டுல போய் நில்லுங்க, உள்ள விடலனா அங்கயே நோட்டுல தேதி, நேரம், தடுத்தது யாரு, சொன்ன வார்த்தை எல்லாம் எழுதி கூட இருக்கறவங்கட்ட கையெழுத்து வாங்கிடுங்க, அன்னிக்கே மேனேஜ்மென்ட்டுக்கு ஒரு லெட்டரும் போட்டுடுங்க. பாக்கி சம்பளத்த மாசம் மாசமா கணக்கு போடுங்க. நடுவுல வேற எங்கயாவது சம்பாதிச்சிருந்தா மறைக்காதீங்க, பல நாட்டுல அத கழிச்சுதான் குடுப்பாங்க, மறைச்சது தெரிஞ்சா உங்க பேச்சுக்கே மதிப்பு போயிடும்.

'அப்பீல் போட்டிருக்கோம்'னு சொன்னா அத நிறுத்தி வைக்கிற ஸ்டே ஆர்டர் எங்கன்னு கேளுங்க, அப்பீல் போட்டாலே ஆர்டர் நிக்கும்னு பல இடத்துல கிடையாது. அமலாக்க மனுவுக்கு காலக்கெடு இருக்கலாம், வக்கீல்கிட்ட இந்த வாரமே கேட்டு தேதிய குறிச்சு வைங்க.