கான்பரன்ஸ் மாறினால் பரம வைரி ஆட்டம் பிழைக்குமா? கண்டுபிடிக்கும் வழி

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் ஓர் அணி கான்பரன்ஸ் (பெரும்பாலும் தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் அணிகளின் கூட்டமைப்பு) மாறப்போகிறது என்ற அறிவிப்பு வந்ததும் ரசிகர்களுக்கு எழும் முதல் கவலை, ‘பரம வைரியோடு ஆடும் அந்த ஆட்டம் இனி நடக்குமா?’ என்பதுதான். நிர்வாகிகள் பாரம்பரியத்தைப் பற்றிப் பேசுவதை வைத்து எதையும் முடிவுகட்ட வேண்டாம். அட்டவணையில் இடம் இருக்கிறதா, கையெழுத்தான ஒப்பந்தம் இருக்கிறதா என்ற இரண்டையும் பாருங்கள்.

இரு அணிகளும் ஒரே கான்பரன்ஸில் இருந்தால் கவலையில்லை என்று நினைக்கிறவர்கள் 1996ஐ நினைவில் கொள்ளட்டும். அந்த ஆண்டு பிக் 12 என்ற கான்பரன்ஸ் ஆடத் தொடங்கியபோது நெப்ராஸ்காவும் ஓக்லஹோமாவும் அதில்தான் இருந்தன. ஆனால் ஒன்று வடக்குப் பிரிவு, மற்றொன்று தெற்குப் பிரிவு. ஆண்டுதோறும் ஆடும் வழக்கம் 1997 ஆட்டத்தோடு நின்றது. இன்று பிக் டென் கான்பரன்ஸில் 18 அணிகள், எஸ்.இ.சி. (தென்கிழக்கு கான்பரன்ஸ்), பிக் 12 இரண்டிலும் தலா 16 அணிகள். எல்லாரும் எல்லாரோடும் ஆண்டுதோறும் ஆட முடியாது. எனவே கான்பரன்ஸ் வெளியிடும் நிரந்தர எதிரணிப் பட்டியலை, அதாவது ஆண்டுதோறும் தவறாமல் மோதும் ஜோடிகளின் பட்டியலை, முதலில் எடுத்துப் பாருங்கள். பிக் டென் 12 ஜோடிகளைப் பாதுகாத்திருக்கிறது. அயோவாவுக்கு மட்டும் அதில் மூன்று. பென் ஸ்டேட்டுக்கு ஒன்றுகூட இல்லை. பிக் 12 பாதுகாப்பது நான்கே ஜோடிகளை: அரிசோனா–அரிசோனா ஸ்டேட், பி.ஒய்.யூ.–யூட்டா, கேன்சஸ்–கேன்சஸ் ஸ்டேட், பெய்லர்–டி.சி.யூ.

எஸ்.இ.சி. கணக்கைக் கையால் போட்டுப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். 16 அணிகள் என்றால் ஓர் அணிக்கு 15 எதிரணிகள். கான்பரன்ஸுக்குள் 8 ஆட்டங்கள் என்று வைத்து, எல்லாரையும் முறையாகச் சுற்றிவர வேண்டுமென்றால் ஒரே ஒரு நிரந்தர எதிரணிதான் கிடைக்கும். மற்ற 14 அணிகள் ஆண்டுக்கு ஏழாக மாறிமாறி வரும். ஆபர்னுக்கு அலபாமா மிஞ்சும், ஜார்ஜியா போய்விடும். 2026 முதல் 9 ஆட்டங்கள் என்றானதும் மூன்று நிரந்தரம், ஆறு சுழற்சி. மீதமுள்ள 12 அணிகளோடும் நான்கு ஆண்டுகளில் சொந்த மைதானத்தில் ஒருமுறை, அவர்கள் மைதானத்தில் ஒருமுறை ஆடிவிடலாம். அந்த ஒரு கூடுதல் ஆட்டம்தான் ஆபர்ன்–ஜார்ஜியாவையும் அலபாமா–டென்னசியையும் ஆண்டுதோறும் நடக்க வைக்கிறது. அலபாமா–எல்.எஸ்.யூ. பட்டியலில் ஏறவில்லை என்பது பெரிய இழப்பு.

இரு அணிகளும் வெவ்வேறு கான்பரன்ஸில் இருந்தால் கணக்கு கடினமாகிறது. பருவத்துக்கு 12 ஆட்டங்கள். கான்பரன்ஸுக்கு 9 போனால், கான்பரன்ஸுக்கு வெளியே உள்ள அணிகளோடு ஆடும் ‘வெளி ஆட்டங்களுக்கு’ மிச்சம் மூன்று. டிக்கெட் வருமானத்துக்காகப் பெரிய அணிகள் சொந்த மைதானத்தில் ஏழு ஆட்டங்களாவது வேண்டும் என்கின்றன. 9 கான்பரன்ஸ் ஆட்டங்களில் ஓர் ஆண்டு 4 சொந்த மைதானத்தில், அடுத்த ஆண்டு 5. நான்கு வரும் ஆண்டில் வெளி ஆட்டங்கள் மூன்றுமே சொந்த ஊரில் நடந்தால்தான் ஏழு தேறும். ஆகவே வைரியின் மைதானத்துக்குப் போக முடிவது ஐந்து வரும் ஆண்டில் மட்டும்தான். அயோவாவின் அட்டவணை இதற்குச் சரியான உதாரணம்: 2024இல் நான்கு, வைரியான அயோவா ஸ்டேட் அயோவாவின் மைதானத்துக்கு வந்தது, 2025இல் ஐந்து, அயோவா ஸ்டேட்டின் ஊரான ஏம்ஸுக்கு அயோவா போனது. இரு அணிகளுக்கும் இந்த ஒற்றை–இரட்டை முறை எதிரெதிராக அமையாவிட்டால் பேச்சுவார்த்தை இழுபறியாகிவிடும். வெளி ஆட்டங்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே ஒப்பந்தமாகிவிடுவது இன்னொரு சிக்கல். ஓக்லஹோமா எஸ்.இ.சி.க்குப் போனபோது, ஓக்லஹோமா ஸ்டேட்டோடு அது ஆடிவந்த ‘பெட்லம்’ ஆட்டம் நின்றதற்கு இரு தரப்பும் சொன்ன காரணங்களில் அதுவும் உண்டு. கடைசி ஆட்டம் 2023 நவம்பர் 4. ஓக்லஹோமா ஸ்டேட் 27–24 என வென்றது.

அடுத்தது ஒப்பந்தம். அரசுப் பல்கலைக்கழகமாக இருந்தால், பெரும்பாலும் அந்த மாநிலத்தின் பொது ஆவணச் சட்டப்படி நகல் கேட்கலாம். கடைசி ஆண்டு எது, எந்த மைதானம், ரத்து செய்தால் எவ்வளவு தொகை, கான்பரன்ஸ் மாறினால் விலக வழி உண்டா என்ற நான்கையும் படியுங்கள். வாஷிங்டன்–வாஷிங்டன் ஸ்டேட் ஆடும் ஆப்பிள் கப்புக்கு 2028 வரை ஒப்பந்தம் இருக்கிறது.

ஆட்டம் பிழைத்தாலும் தேதி பிழைக்கிறதா என்று பாருங்கள். நவம்பரைக் கான்பரன்ஸ்கள் தங்கள் ஆட்டங்களுக்கே எடுத்துக்கொள்கின்றன. ஆப்பிள் கப் 2024இல் செப்டம்பர் 14க்கு நகர்ந்தது. அதே நாளில் ஓரிகன், ஓரிகன் ஸ்டேட்டின் ஊரான கோர்வாலிஸில் ஆடியது. இந்த இரண்டு பல்கலைக்கழகங்களிலும் வகுப்புகள் செப்டம்பர் கடைசியில்தான் தொடங்கும். ஆண்டின் முக்கியமான ஆட்டத்துக்கு வளாகத்தில் மாணவர் கூட்டமே இல்லாமல் போவது சின்ன விஷயமல்ல.

கிளெம்சன்–சவுத் கரோலினா, ஜார்ஜியா–ஜார்ஜியா டெக், ஃப்ளோரிடா–ஃப்ளோரிடா ஸ்டேட், கென்டக்கி–லூயிவில் ஆகியவை நவம்பர் இறுதியில் நிலைப்பதற்குக் காரணம், எஸ்.இ.சி.யும் ஏ.சி.சி.யும் (அட்லாண்டிக் கரையோர கான்பரன்ஸ்) அந்த வாரத்தில் அவற்றுக்கு இடம் விடுவதுதான். உங்கள் ஆட்டத்துக்கு அப்படி ஓர் இடம் உண்டா என்று இரண்டு கான்பரன்ஸ் அட்டவணைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

நின்றுபோன ஆட்டம் திரும்ப இரண்டே வழிகள். ஒன்று, மீண்டும் ஒரே கான்பரன்ஸில் சேர்வது: 2011இல் நின்ற டெக்சஸ்–டெக்சஸ் ஏ அண்ட் எம், டெக்சஸும் எஸ்.இ.சி.க்கு வந்த பிறகு 2024இல்தான் நடந்தது. மற்றொன்று, தனி ஒப்பந்தம்: பிட்ஸ்பர்க்–மேற்கு வர்ஜீனியா 2022இல், கேன்சஸ்–மிசூரி 2025இல். இரண்டாவது வழியில் ஒப்பந்தம் முடிந்தால் ஆட்டமும் முடியும். அதனால் கடைசி ஆண்டுக்கு அப்பால் இரு அணிகளும் அந்த மூன்று வெளி ஆட்ட இடங்களுக்கு யாரை ஒப்பந்தம் செய்கின்றன என்பதைத் தொடர்ந்து கவனியுங்கள்.