வீடியோ எடிட்டிங்குக்குக் கம்ப்யூட்டர் வாங்குமுன் உங்கள் ஃபைலைத் திறந்து பாருங்கள்

போன வாரம், இங்கே தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தம்பி வந்திருந்தான். கல்யாணம், அரங்கேற்றம், காவடி என்று படம்பிடிக்க ஆரம்பித்து ஆறு மாதம்தான் ஆகிறது. கையில் மூன்று கடைகளின் விலைப்பட்டியல். "அண்ணா, இதுல எது நல்லது?" என்று நீட்டினான். "உன் கேமரா என்ன ஃபைல் தருது?" என்று கேட்டேன். முழித்தான்.

அங்கேதான் தொடங்க வேண்டும். கடைக்காரர் பிராசசர் பெயரிலிருந்து தொடங்குவார், நாம் ஃபைலிலிருந்து தொடங்குவோம்.

படி 1: ஃபைல் என்ன சொல்கிறது?

மீடியாஇன்ஃபோ என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. கேமரா கார்டிலிருந்து ஒரு கிளிப்பை அதில் திறங்கள். நாலு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்: எச்.264 ஆ, எச்.265 ஆ (வீடியோவைச் சுருக்கும் முறை); 8 பிட்டா, 10 பிட்டா (நிறப் படிகளின் நுணுக்கம்); 4:2:0 ஆ, 4:2:2 ஆ (நிறத் தகவல் எவ்வளவு சேமிக்கப்படுகிறது); நொடிக்கு எத்தனை மெகாபிட்.

எதற்கு இதெல்லாம்? கோடெக் எனப்படும் இந்தச் சுருக்கும் முறைகள் பொதுவாக ஒவ்வொரு ஃபிரேமையும் முழுதாகச் சேமிப்பதில்லை. ஒன்றை முழுதாக வைத்துவிட்டு, அடுத்தடுத்ததில் என்ன மாறியது என்பதை மட்டும் எழுதி வைக்கின்றன. டைம்லைனில் நீங்கள் ஓரிடத்தில் நிறுத்தினால், அந்த ஒரு ஃபிரேமைக் காட்ட முன்பின் ஃபிரேம்களையும் பிரித்துக் கணக்குப் போட வேண்டும். அந்த வேலைக்கென்றே சிப்பில் தனிப் பகுதி உண்டு, டிகோடர் என்பார்கள். அது உங்கள் ஃபைல் வகையைப் புரிந்துகொண்டால் வெண்ணெய் மாதிரி ஓடும். இல்லாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்த மெஷினும் திணறும்.

நான் பட்டது இது. கண்ணாடிக் கேஸ், உள்ளே வர்ண விளக்குகள், நல்ல கிராஃபிக்ஸ் கார்டு என்று ஒன்றை வாங்கி வந்தேன். இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் ஈஸ்டர் திருவிழாவில் எடுத்த எச்.265, 10 பிட், 4:2:2 ஃபைல்களைப் போட்டால், படம் மூன்று ஃபிரேம் நகர்ந்து நின்றது, மறுபடி மூன்று நகர்ந்தது. காரணம் ஒரே எழுத்து. இன்டெல் பிராசசர் எண்ணின் கடைசியில் 'எஃப்' இருந்தால் அதில் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் கிடையாது, குயிக் சிங்க் என்கிற அந்த டிகோடரும் கிடையாது. கொஞ்சம் ரேண்ட் மிச்சம் பிடிக்க எஃப் மாடலைப் போட்டிருந்தார்கள். நானும் கேட்கவில்லை.

ஆகவே எச்.265 4:2:2 ஃபைல் என்றால், எஃப் இல்லாத 12ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய இன்டெல். இல்லாவிட்டால் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக் கார்டு. அல்லது ஆப்பிளின் எம் வரிசை. ஆர்டிஎக்ஸ் 40 வரிசை வரை என்விடியா கார்டுகள் 4:2:2 வை டிகோட் செய்யாது. 4:2:0 என்றால் கவலை வேண்டாம், இன்றைய மெஷின்கள் எல்லாமே பார்த்துக்கொள்ளும்.

படி 2: வெட்டி ஒட்டுவதா, காம்போசிட்டிங்கா?

இரண்டும் ஒரே வேலை என்று பலர் நினைக்கிறார்கள். வெட்டி ஒட்டுவதற்கு டிகோடர் முக்கியம். பச்சைத் திரையை நீக்குவது, எழுத்தை ஆட வைப்பது, பின்னணியை மாற்றுவது என்று அடுக்கடுக்காகப் போகிற காம்போசிட்டிங்குக்கு ரேம்தான் உயிர்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு 4கே ஃபிரேம் 3840 × 2160, ஏறத்தாழ 83 லட்சம் பிக்சல். ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம், ஆல்ஃபா (ஒளி ஊடுருவும் அளவு) என்று நாலு மதிப்பு. 8 பிட்டில் ஒரு ஃபிரேமே 33 எம்பி, 16 பிட்டில் 66 எம்பி. நம் ஊரில் நொடிக்கு 25 ஃபிரேம், பத்து நொடிக்கு 250. 16 பிட்டில் அது மட்டும் 16 ஜிபிக்கு மேல். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மாதிரி மென்பொருள் பிரிவியூ காட்டும்போது கணக்குப் போட்ட ஃபிரேம்களை இப்படி அழுத்தாமல் ரேமில் வைத்துக்கொள்கிறது (புதிய பதிப்புகள் டிஸ்க்கையும் சேர்த்துப் பயன்படுத்தும்). விண்டோஸும் மென்பொருளும் எடுத்துக்கொள்வதைக் கழித்தால், 16 ஜிபி மெஷினின் ரேமில் நாலைந்து நொடி அடங்குவதே பெரிய பாடு.

அதனால் எடிட்டிங்குக்கு மட்டும் என்றால் 32 ஜிபி, காம்போசிட்டிங் உண்டென்றால் 64. இப்போது கையைக் கடித்தால் 32 ஜிபி ரேமை ஒரே குச்சியாக வாங்கிப் போட்டுவிட்டு, பிறகு அதே மாதிரி இன்னொன்று சேருங்கள். ஒற்றைக் குச்சியில் வேகம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. நாலு இடத்தையும் சின்னக் குச்சிகளால் நிரப்பாதீர்கள். டிடிஆர்5 என்கிற இன்றைய ரேம் வகைக்கான மதர்போர்டுகளில் நாலு குச்சி போட்டால் பெரும்பாலும் வேகத்தைக் குறைத்துத்தான் ஓட்ட முடியும். மேக் வாங்குகிறவர்கள் முதல் நாளே முடிவெடுக்க வேண்டும், எம் வரிசையில் பிறகு ரேம் சேர்க்க வழியில்லை.

பிரிவியூவைப் பாதி ரெசல்யூஷனுக்கு மாற்றினால் நாலில் ஒரு பங்கு ரேம்தான் பிடிக்கும். இதைச் சொன்னபோதுதான் தம்பி முகத்தில் சிரிப்பு வந்தது.

படி 3: கிராஃபிக்ஸ் கார்டு

டாவின்சி ரிசால்வ் என்கிற எடிட்டிங் மென்பொருள் பயன்படுத்துகிறீர்களா, அப்படியானால் இங்கே பணம் போடுங்கள். கலர் வேலை, நாய்ஸ் (படத்தில் வரும் புள்ளிகள்) குறைப்பு எல்லாம் கார்டின் தலையில்தான். கார்டின் சொந்த மெமரி 8 ஜிபிக்குக் கீழே போக வேண்டாம், 12 அல்லது 16 நல்லது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்தான் முக்கியம் என்றால் நடுத்தரக் கார்டு போதும், மிச்சத்தை ரேமில் போடுங்கள்.

படி 4: டிஸ்க்

நொடிக்கு 100 மெகாபிட் ஃபைல் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. காவடிக்கு விடியற்காலையிலிருந்து இரண்டு கேமரா ஆறு மணி நேரம் ஓடினால் 540 ஜிபி. ஒரே விசேஷம்! 1 டிபி டிஸ்க்கோடு வருகிற மெஷின் இரண்டாவது கல்யாணத்தில் நிரம்பிவிடும்.

என் அமைப்பு இப்படி: விண்டோஸுக்கும் கேஷுக்கும் (மென்பொருளின் தற்காலிக ஃபைல்கள்) என்விஎம்இ என்கிற வேகமான வகை எஸ்எஸ்டி ஒன்று, இப்போதைய வேலைக்கு இன்னொரு எஸ்எஸ்டி, முடிந்த வேலைகளுக்குப் பெரிய சாதாரண ஹார்ட் டிஸ்க் இரண்டு. இரண்டிலும் ஒரே நகல், ஒன்று அக்கா வீட்டில் இருக்கும். தாலி கட்டுகிற காட்சியை இன்னொரு முறை எடுக்க முடியாதே.

படி 5: கரண்ட்

வெளிநாட்டுக்காரர்கள் எழுதுகிற வழிகாட்டிகளில் இது இருக்காது. 2023இல் லோட் ஷெட்டிங், அதாவது முறைவைத்த மின்வெட்டு, படுத்திய பாடு நமக்குத்தான் தெரியும். கரண்ட் போவதைவிட, திரும்பி வரும்போது வருகிற அதிர்ச்சிதான் பவர் சப்ளையைக் கொல்லும். லைன் இன்டராக்டிவ் வகை யுபிஎஸ் (கரண்ட் போனால் பேட்டரியில் ஓட்டும் பெட்டி) ஒன்று வாங்குங்கள், முடிந்தால் சைன் வேவ் தருவது. பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கிற விஏ எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம், கீழே சின்னதாக வாட் எண் இருக்கும். ரெண்டர் (முடித்த வீடியோவை ஃபைலாக்குவது) நடக்கும்போது கம்ப்யூட்டரும் மானிட்டரும் சேர்ந்து 400, 500 வாட் இழுக்கலாம், யுபிஎஸ் அதைத் தாங்க வேண்டும். உட்கார்ந்து எடிட் பண்ணுவதற்கல்ல அது. சேவ் செய்து ஒழுங்காக அணைக்கப் பத்து நிமிடம் கிடைத்தால் போதும்.

டர்பன்காரர்களுக்கு இன்னொன்று: கடல்காற்று ஈரமும் உப்பும் கொண்டது. மெஷினை ஜன்னலோரம் வைக்காதீர்கள், தூசியை அவ்வப்போது ஊதி எடுங்கள்.

மானிட்டர்? ஐபிஎஸ் வகைப் பேனல், எஸ்ஆர்ஜிபி என்கிற நிற வரம்பை நூறு சதவீதம் காட்டுவது. அது போதும், கலர் வேலை பெருகும்போது நல்லதாக மாற்றிக்கொள்ளலாம்.

படி 6: காசு கொடுக்குமுன்

யூடியூபில் சொல்லும் டாலர் விலையை அப்படியே ரேண்டுக்கு மாற்றிக் கணக்குப் போடாதீர்கள். இறக்குமதிச் செலவும் 15 சதவீத மதிப்புக்கூட்டு வரியும் சேரும். பழைய ஆபீஸ் மெஷின் மலிவாக வந்தால் பிராசசர் தலைமுறையைப் பாருங்கள். இன்டெல் 7ஆம் தலைமுறையும் அதற்கு முந்தையவையும், ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர, விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது.

ரசீதைப் பத்திரமாக வையுங்கள். இங்குள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் பொருளில் குறை தெரிந்தால் பழுதுபார்த்துத் தரவோ, மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பித் தரவோ கேட்கலாம். இந்த மூன்றில் எது என்பதைத் தேர்வு செய்வது நீங்கள், கடைக்காரர் அல்ல. தனி ஆளிடம் செகண்ட் ஹேண்டாக வாங்கினால் இந்தப் பாதுகாப்பு கிடையாது.

மெஷின் வீட்டுக்கு வந்த அன்றே உங்கள் சொந்த ஃபைல்களைப் போட்டு ஒரு மணி நேர டைம்லைனை ரெண்டர் விடுங்கள். நடுவில் அணைந்தாலோ, விசிறி விமானம் மாதிரி கத்தினாலோ மறுநாளே கடைக்குப் போங்கள்.

தம்பி கடைசியில் இரண்டாவது விலைப்பட்டியலை எடுத்துக்கொண்டான். பிராசசர் எண்ணின் கடைசியிலிருந்த 'எஃப்' மேல் பேனாவால் ஒரு கோடு, வர்ண விளக்குக் கேஸ் மேல் இன்னொரு கோடு. அந்த இடத்தில் யுபிஎஸ் என்று எழுதி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.