சின்ன எஞ்சின் வால்வு: லீக் என்றதும் பேஸ்ட் டப்பாவைத் திறக்காதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை பாலிடெக்னிக் படிக்கும் பையன் ஒருவன் தக்கலையில் என் ஷெட்டுக்கு வந்தான். கையில் தோர்த்தில் சுற்றிய ஒரு சிலிண்டர் ஹெட். 24 மி.மீ போர் (சிலிண்டர் விட்டம்), 22 மி.மீ ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்), கிட்டத்தட்ட 10 சிசி எஞ்சின். எல்லாம் அவனே கடைந்தது. அலுமினியத்தில் சூடு ஆற்றும் ஃபின்களை வெட்டிய அழகைப் பார்த்தால் இது முதல் எஞ்சின் என்று யாரும் நம்பமாட்டார்கள்.

"அண்ணா, மூணு நாளா அரைக்கேன். கம்ப்ரஷன் நிக்க மாட்டேங்கு."

டார்ச் அடித்துப் பார்த்தேன். வால்வு சீட்டில், அதாவது வால்வு மூடும்போது உட்காரும் விளிம்பில், மங்கிய சாம்பல் நிறத்தில் ஒரு வளையம். ஒரு பக்கம் ஒரு மி.மீ அகலம், எதிர்ப்பக்கம் அதில் பாதி. அந்த வளையத்தை எனக்கு நன்றாகத் தெரியும். என் முதல் ஹெட்டைக் குப்பைக்கு அனுப்பியது அதுதான். டூலை செண்டரில் வை, மைக்ரோமீட்டரைத் துடைத்துப் பிடி என்பதெல்லாம் லேத் பட்டறையில் முதல் வாரமே சொல்லிவிடுவார்கள். அதைத் தாண்டி, திரும்பத் திரும்ப நான் பார்க்கும் தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

லீக்கை அரைத்துச் சரிசெய்யப் பார்ப்பது

இந்தப் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்று புரிகிறது. முட்டத்திலோ குளச்சலிலோ போட் எஞ்சினைப் பிரித்தால் வால்வில் தேய்க்கும் துகள் கலந்த பேஸ்ட் தடவி, கம்பை உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்டி அரைப்பதைப் பார்த்தே நாம் வளர்கிறோம். அங்கே அது சரியான வேலை. சீட் கெட்டியானது, வால்வு பெரியது, கைடும் (வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழல்) சீட்டும் முதலிலேயே ஒரே நேர்கோட்டில் இருந்தவை. ஓடி ஓடித் தேய்ந்ததைத்தான் பேஸ்ட் சமன் செய்கிறது.

நம் 10 மி.மீ வால்வில் கதை வேறு. புதிதாகச் செய்த ஹெட்டில் லீக் வந்தால் தேய்மானம் காரணமாக இருக்க முடியாது. கைடு துளையின் மையம் ஓர் இடத்திலும் சீட்டின் மையம் வேறு இடத்திலும் இருக்கிறது, பெரும்பாலும் அவ்வளவுதான். வால்வு ஒரு பக்கம் உட்கார்கிறது, மறுபக்கம் தொங்குகிறது.

அந்த இடைவெளியைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் கணக்குப் போடுங்கள். 10 மி.மீ வால்வின் சுற்றளவு 31 மி.மீ. சுற்றிலும் 0.01 மி.மீ இடைவெளி இருந்தாலே மொத்தப் பரப்பு, ஹெட்டில் 0.6 மி.மீ டிரில் போட்டுத் துளைத்ததற்குச் சமம். அளவைப் பத்தில் ஒன்றாகச் சுருக்கினால் சிலிண்டரின் கொள்ளளவு ஆயிரத்தில் ஒன்றாகிவிடும், சீட்டின் சுற்றளவோ பத்தில் ஒன்றாகத்தான் ஆகும். பெரிய எஞ்சின் கண்டுகொள்ளாத இடைவெளி சின்ன எஞ்சினின் மொத்தக் காற்றையும் விழுங்குவது இதனால்தான்.

இந்த நிலையில் பேஸ்ட் போட்டு அரைத்தால் என்ன ஆகும்? தொடும் பக்கம் தேய்ந்து அகலமாகும். வால்வின் முகத்திலும் ஒரு பள்ளம் விழும். நகத்தை வைத்து இழுத்தால் நகம் அதில் மாட்டும். பித்தளை, வெண்கலம் போன்ற மென்மையான சீட்டில் பேஸ்டின் துகள்கள் குத்தி நின்றுவிடும், துடைத்தாலும் வராது. சீட் அகலமாக ஆக, அதே ஸ்பிரிங்கின் அழுத்தம் கூடுதல் பரப்பில் பரவிக் குறைகிறது. லீக் கூடுகிறது. லீக் கூடியதும் கை மறுபடியும் பேஸ்ட் டப்பாவைத் தேடிப் போகிறது. பார்த்துக்கொண்டு நிற்கவே எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

நான் இதில் இரண்டு மாத ஞாயிறுகளைக் கொட்டினேன். அரைத்து அரைத்து வால்வு ஹெட்டுக்குள் இறங்கியே போய்விட்டது. வால்வு இறங்கினால் தண்டின் நுனி மேலே ஏறும். ஸ்பிரிங் நீண்டு தளரும், தண்டுக்கும் அதைத் தள்ளும் டேப்பெட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி போகும், எரியும் அறை பெரிதாகிக் கம்ப்ரஷன் இன்னும் குறையும். கடைசியில் முட்டத்தில் போட் எஞ்சின் வேலை பார்க்கும் ஒரு மூத்த மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் வால்வை உள்ளே விட்டு விரலால் லேசாகச் சுற்றினார். இரண்டே சுற்றுதான். "மக்கா, இதுல அரைக்கதுக்கு ஒண்ணும் இல்ல. கைடு ஒரு பக்கம் நிக்கு, சீட் ஒரு பக்கம் நிக்கு" என்றார். பேஸ்டைக் கண்டுபிடித்தவனைத் திட்டியபடி பஸ் ஏறினேன்.

வேலையை ஆரம்பத்திலேயே ஒழுங்காகச் செய்தால் அரைக்கவே வேண்டியிருக்காது. சீட்டும் கைடும் ஒன்றாக அமைந்து ஹெட்டுக்குள் ஏறும் வெண்கல உறைதான் கேஜ். அதன் வெளிவிட்டம், கைடு துளை, துளையை அளவுக்கு இழைக்கும் ரீமர் எல்லாம் ஒரே கட்டில், அதாவது லேத் சக்கில் ஒருமுறை பிடித்தபடியே, முடியவேண்டும். சக்கிலிருந்து கழற்றித் திருப்பிக் கட்டினால் மையம் போயிற்று. வால்வுக்கும் இதே சட்டம்தான்: தண்டும் 45 டிகிரி முகமும் ஒரே கட்டில். லேத்தில் கோணம் வைக்கும் காம்பவுண்ட் ஸ்லைடை 45-க்கு வைத்துவிட்டால், எல்லா வால்வுகளும் சீட் கட்டரும் கடைந்து முடியும்வரை அதன் நட்டைத் தொடாதீர்கள். கோணம் 45-லிருந்து கால் டிகிரி தள்ளியிருந்தாலும் பரவாயில்லை, எல்லாம் ஒன்றுபோல் தள்ளியிருக்கும்.

சீட் கட்டரின் முனையில் கைடு துளைக்குள் ஆடாமல் நுழையும் வழிகாட்டிக் கம்பி, பைலட், இருக்கவேண்டும். அப்போதுதான் சீட் கைடின் மையத்திலேயே பிறக்கும். மெஷினில் மாட்டவேண்டாம், விரலால் மூன்று நான்கு சுற்று போதும். அழுத்தினால் அதிர்ந்து பல கோணமாக வெட்டிவிடும். சீட்டின் அகலம் 0.3 மி.மீ வந்ததும் நிறுத்துங்கள். அதற்கு மேல் வெட்ட ஆசை வரும், வரத்தான் செய்யும்.

மனசு கேட்கவில்லை என்றால் கடைசியில் பித்தளை துலக்கும் பிராசோ ஒரு துளி. தண்டில் சைக்கிள் வால் டியூப் துண்டு ஒன்றைச் செருகி, அதைப் பிடித்துப் பத்துத் திருப்பு. முடி கனத்தில் ஒரு கோடு சுற்றிலும் அறுபடாமல் தெரிந்தால் வேலை முடிந்தது. கோடு எங்காவது அறுந்திருந்தால் அரைப்பு தீர்வல்ல, கட்டரை எடுங்கள்.

சீட்டை வெட்டிய பிறகு கேஜை அடித்து ஏற்றுவது

இறுக்கமாக அடித்து ஏற்றினால் கேஜ் நெளியும், சீட்டின் வட்டம் கெடும். 0.02 அல்லது 0.03 மி.மீ தளர்வு வைத்து, சூடு தாங்கும் அனேரோபிக் (காற்றுப் படாத இடத்தில் இறுகும்) ஒட்டுப் போட்டுக் கையால் நுழைத்துவிடுங்கள். அதற்கு முன் இரண்டு பக்கமும் அசிட்டோனால் துடைக்கவேண்டும். ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். அப்புறம் காற்றோ புகையோ போகும் வழியான போர்ட் துளையைக் கேஜுக்குள் ஊடுருவிப் போடுங்கள், பிசிறு எடுங்கள், ரீமரை ஒருமுறை கையால் விட்டு எடுங்கள். சீட் வெட்டுவது எல்லாவற்றுக்கும் கடைசி.

ஒட்டிய ஹெட்டில் சைலன்சர் குழாயைப் பற்றவைப்பது

ஒட்டு போகும். பற்றவைப்பு எதுவானாலும் முதலில்.

சைக்கிள் பம்பால் காற்று ஏற்றிச் சோதிப்பது

போர்ட் வழியாகக் காற்று அடித்து, எரியும் அறையில் சோப்புத் தண்ணீர் விட்டுக் குமிழி பார்ப்பார்கள். குமிழி வரும், கட்டாயம் வரும். வால்வு திறக்கும் திசையில்தான் நீங்கள் தள்ளுகிறீர்கள். 10 மி.மீ வால்வின் பரப்பு 0.785 சதுர செ.மீ. சதுர செ.மீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் ஏற்றினால் வால்வின் மேல் கிட்டத்தட்ட முக்கால் கிலோ தள்ளு. சின்ன ஸ்பிரிங் அதற்கு விட்டுக்கொடுத்துவிடும். நல்ல சீட்டைக் கெட்டது என்று முடிவு செய்து அரைக்கப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

போர்ட் பக்கம் வெற்றிடம் இழுங்கள். பிரேக் ஆயிலில் காற்று எடுக்கப் பயன்படும் முள் மீட்டர் வைத்த கைப்பம்பு போதும். வெளிக்காற்று வால்வைச் சீட்டின் மேல் அழுத்தும், கம்ப்ரஷன் அழுத்தும் அதே திசையில். ஸ்பிரிங்கே மாட்டவேண்டாம். கடல் மட்டத்தில் முழு வெற்றிடம் பாதரச அளவில் 30 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. நான் 20 அங்குலம் இழுத்துவிட்டுக் கடிகாரம் பார்ப்பேன். முள் 10-க்கு இறங்க அரை நிமிடத்துக்கு மேல் ஆனால் எஞ்சினில் மாட்டுவேன். ஐந்து நொடியில் இறங்கினால் சீட்டை மறுபடி பார்ப்பேன். உள்ளே இருக்கும் காற்றிடம் மிகச் சின்னது, ஆகவே முள் கொஞ்சம் நகர்வதைக் கண்டு பதற வேண்டாம்.

சோதனைக்கு முன் குழாயின் முனையை விரலால் அடைத்து ஒருமுறை இழுங்கள். முள் அப்போதே இறங்கினால் லீக் பம்பில்தான்.

கைடு வழியாக வரும் காற்றைச் சீட்டின் தலையில் போடுவது

3 மி.மீ துளையில் 2.98 தண்டு. அந்த இடைவெளி வழியாகவும் காற்று போர்ட்டுக்குள் வரும். கைடின் மேல் வாயில் கெட்டி கிரீஸை அப்பி அடைத்துவிட்டு அப்புறம் சோதியுங்கள். கிரீஸ் சீட் பக்கம் இறங்கக்கூடாது.

சீட்டில் எண்ணெய் தடவிச் சோதிப்பது

எண்ணெய் லீக்கை அடைத்துக் காட்டும். எஞ்சின் ஓடும்போது அந்த எண்ணெய் இருக்காது.

மழைக்காலத்தில் சில்வர் ஸ்டீல் வால்வு

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை, நடுவில் உப்புக் காற்று. சில்வர் ஸ்டீல் என்பது எவர்சில்வர் அல்ல, துருப்பிடிக்கும் பளபளப்பான எஃகுக் கம்பி. முகத்தை முடித்துப் பெஞ்சில் வைத்துவிட்டுத் தூங்கினால் விடியும்போது துருப் புள்ளி. ஒரு புள்ளி போதும் லீக்குக்கு. ஸ்டெயின்லெஸ் கம்பி எடுங்கள். துறைமுகப் பக்கம் பழைய இரும்புக் கடையில் படகு ஷாஃப்ட் துண்டுகள் கிடைக்கும். டூல் கூராக இருக்கவேண்டும். உரசவிட்டால் மேல்தோல் இறுகி அடுத்த கட் இறங்காது.

அந்தப் பையனின் ஹெட்டுக்கு வருகிறேன். கேஜை அவன் அடிக்கவில்லை, ஒட்டித்தான் இருந்தான். நல்லவேளை. பழைய ஸ்டவ்வில் ஹெட்டை 250 டிகிரி அளவுக்குச் சூடாக்கியதும் ஒட்டு இளகி, பித்தளைக் கம்பியால் தட்டியதில் இரண்டு கேஜும் வந்துவிட்டன. டயல் வைத்துப் பார்த்தோம். சீட் கைடிலிருந்து 0.04 மி.மீ தள்ளி. துளையைத் திருப்பிக் கட்டிப் போட்டாயா என்று கேட்டேன். "ஆமாண்ணா" என்றான். அன்றைக்கே புதுக் கேஜ் இரண்டு கடைந்து ஒட்டிவிட்டுப் போனான். வரும் ஞாயிறு சீட் வெட்டவேண்டும். என் பேஸ்ட் டப்பாவை இரவல் கேட்டான், கொடுக்கவில்லை.