ஆர் மொழியில் சின்டாக்ஸ் எரர் வந்தால் எங்கே பார்ப்பது?

ஆர் என்பது புள்ளிவிவரக் கணக்குக்கான கணினி மொழி. அதன் எழுத்து விதி பிசகினால் வருவதுதான் சின்டாக்ஸ் எரர். காசிமேட்டில் விசாரித்த மீன் விலையை ஆர்ஸ்டுடியோவில் (ஆர் எழுதி ஓட்டும் மென்பொருள்) ஏற்றிச் சராசரி எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். வஞ்சிரம், சங்கரா, நெத்திலி மூன்றுக்கும் ஏதோ ஒரு கிலோ விலை. இங்கே படிக்க வசதியாகத் தமிழ் எழுத்தில் தருகிறேன், நீங்கள் ஆங்கிலத்தில் அடியுங்கள். சி( ) என்பது எண்களை ஒன்றாகச் சேர்க்கும் கட்டளை.

விலை <- சி(900, 450 200)

என்டர் தட்டியதும் இப்படி வரும்:

எரர்: அன்எக்ஸ்பெக்டட் நியூமெரிக் கான்ஸ்டன்ட் இன் "விலை <- சி(900, 450 200"

சிவப்பைப் பார்த்ததுமே பாதிப் பேர் மொத்தத்தையும் அழித்துவிட்டு முதலிலிருந்து அடிக்கிறார்கள். வேண்டாம். முதல் வேலை, மேற்கோளுக்குள் கடைசியாக என்ன இருக்கிறது என்று பாருங்கள். 200. ஆர் இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டே வந்து அங்கே நின்றுவிட்டது. ஆனால் தப்பு 200-இல் இல்லை, அதற்குச் சற்று முன்னால் இருக்கிறது. 450-ஐ அடுத்துக் கமாவைக் காணோம், அவ்வளவுதான்.

நியூமெரிக் கான்ஸ்டன்ட் என்றால் எண். அந்த இடத்தில் வேறு சொல்லும் வரலாம்: சிம்பல் என்றால் பெயர். ஸ்டிரிங் கான்ஸ்டன்ட் என்றால் டபுள் கோட்டுக்குள் இருப்பது. எதுவாக இருந்தாலும் முன்னால்தான் தேட வேண்டும். பெயரை எண்ணில் தொடங்கி 2024விலை என்று வைத்தாலும் சிம்பல் எரர்தான்.

அடுத்து, எரரே வராத கேஸ். என்டர் தட்டத் தட்ட > (அடுத்த கட்டளைக்குத் தயார் என்று ஆர் காட்டும் குறி) வராமல் + மட்டும் வந்துகொண்டிருக்கும். இது கூட்டல் குறி இல்லை. நீங்கள் இன்னும் முடிக்கவில்லை என்று ஆர் காத்திருக்கிறது. எங்கோ ஒரு அடைப்புக்குறியோ டபுள் கோட்டோ மூடாமல் கிடக்கும். எஸ்கேப் தட்டி வெளியே வந்து, அதை மூடிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

வேர்டில் சேமித்த ஆர் வரிகளை ஒட்டினால் 'அன்எக்ஸ்பெக்டட் இன்புட்' என்று வரலாம். “ ” என்று வளைந்திருக்கும் குறிகளை அழித்து, நேரான " போடுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களைத் தனியாகப் பிரிக்க இஃப், எல்ஸ் (இப்படியென்றால் இது, இல்லாவிட்டால் அது) எழுதினால், எல்ஸைப் புது வரியில் தொடங்காதீர்கள். இஃப் முடியும் } இருக்கிற வரியிலேயே வரட்டும். இல்லாவிட்டால் முந்தின வரியோடு கதை முடிந்தது என்று ஆர் எடுத்துக்கொள்ளும்.

'ஆப்ஜெக்ட் நாட் ஃபவுண்ட்' என்பது சின்டாக்ஸ் எரரே இல்லை. நீங்கள் சொன்ன பெயரில் எதுவும் இல்லை என்கிறது ஆர். பெயரின் ஸ்பெல்லிங்கையும் பெரிய எழுத்து, சின்ன எழுத்தையும் சரிபாருங்கள், போதும்.

என்னைக் கேட்டால் எரர் கொடுக்காத தப்புதான் மோசம். கடைப் பலகையில் இருப்பதுபோல 1,200 என்று கமா போட்டு, சி(1,200, 450) என்று எழுதினால் ஆர் மூச்சுவிடாது. அதற்கு அது 1, 200, 450 என்று மூன்று எண். 825 வரவேண்டிய சராசரி 217 என்று வந்து நிற்கும். அந்த விலைக்கு மீன் கிடைத்தால் ராயபுரமே பையோடு கிளம்பிவிடும்! எண்ணுக்குள் கமாவே வேண்டாம். சந்தேகம் வந்தால் லெங்த்(விலை) என்று அடித்து, எத்தனை எண் இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு விலை கொடுத்த இடத்தில் 3 என்று வந்தால் கமாதான் காரணம்.