ஈப்பிடிப்பான் படங்களில் செய்யும் தவறுகள்

போன ஞாயிறு ஈப்பிடிப்பான் என்னும் சின்னக் குருவிகளைப் படமெடுக்க அமிர்தி காட்டுக்குக் கூட வந்த கல்லூரிப் பையன், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் கேமராவிலிருந்து படங்களை மளமளவென அழிக்க ஆரம்பித்தான். "இதெல்லாம் தேறாதுண்ணா." எனக்கு வயிறு எரிந்தது, ஏனென்றால் அவன் வயதில் நானும் அதையே செய்தவன். ஃபோகஸ், ஷட்டர் வேகம் பற்றியெல்லாம் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள், அதை விடுகிறேன். எந்த இனம் என்று அடையாளம் காண்பதைக் கெடுக்கும் தவறுகள்தான் இங்கே.

தேறாத படத்தை அழிப்பது

ஏலகிரியில் ஒரு மார்கழிக் காலை. வாலைத் தூக்கித் தூக்கிக் காட்டும் சின்னப் பழுப்புக் குருவி, வாலடியின் இரு பக்கமும் வெள்ளை. நாற்பது படமாவது எடுத்திருப்பேன். பாதியில் முதுகைக் காட்டியது, மீதியில் குறுக்கே கிளை. நேராகப் பார்த்துக் கண் மின்னிய மூன்றை மட்டும் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் திறந்தால், செம்மார்பு ஈப்பிடிப்பானா, டைகா ஈப்பிடிப்பானா? முன்பு இரண்டையும் ஒரே இனமாகவே வைத்திருந்தார்கள். சிவப்பில்லாத பெண்ணையும் இளசையும் முன்பக்கம் பார்த்துப் பிரிப்பது பெரும்பாடு. விஷயம் முதுகுப் பக்கம் இருக்கிறது: வால் தொடங்கும் இடத்தை மேலே மூடியிருக்கும் சிறு இறகுகள் டைகாவுக்குக் கன்னங்கரேல் என்று இருக்கும், செம்மார்புக்குப் பழுப்பாக, வாலைவிட வெளிறி இருக்கும். அலகும் உதவும், டைகாவுக்கு ஏறக்குறைய முழுக்கக் கருப்பு, மற்றதற்குக் கீழலகின் அடி வெளிறல். என் மூன்று படத்திலும் அலகு நேராக நீட்டி ஒரு புள்ளியாகத்தான் தெரிந்தது. முதுகுப் படங்களை நானே அழித்தாயிற்று. மீட்டுத் தரும் மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன், வந்ததெல்லாம் மச்சான் வீட்டு வளைகாப்பு; அதே கார்டில் அடுத்த நாள் எடுத்தது.

அப்புறம் இரண்டு முறை பதினான்கு கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போனேன். குருவி இல்லை. பறவைப் பதிவுத் தளமான ஈபேர்டில் இன்றைக்கும் இரண்டு பெயரும் நடுவே ஒரு சாய்கோடுமாக அந்தப் பதிவு கிடக்கிறது.

நிறத்தைத் திருத்திவிட்டுப் பெயர் வைப்பது

பழுப்பு ஈப்பிடிப்பானுக்குக் கால் கருப்பு, பழுப்பு மார்பு ஈப்பிடிப்பானுக்கு வெளிறிய சதை நிறம். நிழலை வெளிச்சமாக்குகிறேன் என்று ஸ்லைடரை இழுத்தால் கருப்புக் காலும் வெளிறிவிடும், மார்பிலும் பழுப்பு ஏறிவிடும். அடையாளம் பார்க்க, கை வைக்காத மூலப் படத்தைத் திறங்கள்.

மார்பு ஆரஞ்சு என்றாலே டிக்கல் நீல ஈப்பிடிப்பான்

தொண்டையைப் பாருங்கள். ஆணுக்குத் தொண்டையும் ஆரஞ்சு என்றால் டிக்கல். நீலம் என்றால் நீலத்தொண்டை ஈப்பிடிப்பான்.

செயலியே பெயர் சொல்லிவிட்டது

அதற்கும் ஒரே ஒரு படத்தைத்தானே கொடுத்தீர்கள்?

கூட்டருகே போவது

போகாதீர்கள்.

குரலைப் பதியாமல் வருவது

செம்மார்பும் டைகாவும் 'ட்ர்ர்ர்' என்றுதான் கத்தும், ஆனால் டைகாவுடையது இன்னும் வேகம். காதுக்குப் பிடிபடாவிட்டாலும் பதிவு இருந்தால் நிதானமாக ஒப்பிடலாம். அன்றைக்கு ஏலகிரியில் அது பத்து நிமிடம் விடாமல் கத்தியது. செல்போன் என் சட்டைப்பையில்தான் இருந்தது.