திட்டத்தின் பெயரைச் சொல்லாமல் கேளுங்கள்

ஒரு நலத்திட்டத்தை மதிப்பீடு செய்யப் போய், ‘இந்தப் பயிற்சியால் உங்களுக்கு என்ன நன்மை?’ என்று கேட்டால் நன்மையைத்தான் சொல்வார்கள். கேட்பவர் திட்டத்தின் ஆள் என்று தெரிந்தால் கொஞ்சம் கூட்டியே சொல்வார்கள், அடுத்த வருஷமும் திட்டம் வரவேண்டுமே. எதிர்பாராத விளைவுகளைத் தேடுகிறீர்கள் என்றால் முதலில் திட்டத்தின் பெயரையே எடுக்காதீர்கள்.

‘போன இரண்டு வருஷத்தில் வீட்டில் என்னென்ன மாறியது?’ என்று தொடங்குங்கள். யாருக்கு மாறியது, எதனால் என்று அவர்கள் சொல்வதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள். பேச்சில் திட்டம் தானாக வந்தால் சரி, கடைசிவரை வராவிட்டால் அதுவும் ஒரு தகவல்தான். இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் உருவான ‘க்விப்’ (QuIP) என்ற மதிப்பீட்டு முறையில், முடிந்தவரை, எந்தத் திட்டத்துக்காகக் கேட்கிறோம் என்பதை நேர்காணல் எடுப்பவரிடமே சொல்வதில்லை. திட்டத்தின் இலக்குகளைப் படிக்காமல் களத்துக்குப் போங்கள் என்று மதிப்பீட்டு அறிஞர் மைக்கேல் ஸ்கிரிவன் 1972-லேயே சொல்லிவிட்டார். ஒப்புதல் வாங்கும்போது மட்டும் பொய் வேண்டாம். ‘குடும்பங்களில் என்ன மாறுகிறது என்று பார்க்கிறோம்’ என்பது உண்மைதான், முழு விவரத்தைப் பேசி முடித்ததும் சொல்லிவிடலாம்.

அடுத்து, யாரிடம் கேட்பது? பயனாளிப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு போனால் பாதிக் கதைதான் கிடைக்கும். பாதியில் நின்றவர்கள், சேர மறுத்தவர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், அப்புறம் அதே வீட்டில் இருக்கும் மற்றவர்கள், எல்லோரையும் பாருங்கள். தாய்மார்களுக்கு வாரம் மூன்று நாள் தொழிற்பயிற்சி என்று வைத்துக்கொள்வோம்: வருகை நூற்றுக்கு நூறு, எல்லோருக்கும் மகிழ்ச்சி. அம்மா வகுப்பில் இருக்கும் நேரத்தில் கைக்குழந்தையை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டால்தான், பன்னிரண்டு வயது மூத்த மகள் அந்த மூன்று நாளும் பள்ளிக்குப் போவதில்லை என்பது வெளியே வரும். பயிற்சிப் பதிவேட்டில் அவளுக்கு ஒரு கட்டம்கூட இல்லை.

களப்பணியாளர்களுக்கு இதெல்லாம் பெரும்பாலும் முன்பே தெரிந்திருக்கும், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். தனியாகக் கேளுங்கள், மேலதிகாரி பக்கத்தில் இருந்தால் வாயே திறக்க மாட்டார்கள்.

ஆனால் மக்கள் சொன்னார்கள் என்பதோடு நிறுத்திவிடவும் கூடாது. அமெரிக்காவில் 1939-இல் தொடங்கிய கேம்பிரிட்ஜ்-சாமர்வில் ஆய்வில், சிறுவர்கள் தவறான வழியில் போகாமல் இருக்க வழிகாட்டிகளை அமர்த்தினார்கள். அது முடிந்து ஏறக்குறைய முப்பது வருஷம் கழித்து, குற்றவியல் ஆய்வாளர் ஜோன் மெக்கார்ட் உதவி பெற்றவர்களைத் தேடிப்போய் விசாரித்தபோது மூன்றில் இரண்டு பங்கினர் ‘உதவியாக இருந்தது’ என்றார்கள். ஆனால் அந்த உதவி கிடைக்காத ஒப்பீட்டுக் குழுவோடு வைத்துப் பார்த்தால் பல விஷயங்களில் உதவி பெற்றவர்களின் நிலைதான் மோசம். யாரும் பொய் சொல்லவில்லை, தனக்கு நடந்திருக்கக்கூடிய இன்னொரு வாழ்க்கையை யாராலும் உள்ளேயிருந்து பார்க்க முடியாது, அவ்வளவுதான்.

அதனால் கிடைத்த ஒவ்வொரு விளைவுக்கும் வேறு காரணம் இருக்கலாமா என்று குடைந்து பாருங்கள். பயிற்சிக்குப் போகாத வீடுகளிலும் மூத்த பெண்கள் பள்ளிக்குப் போகாமல் இருக்கிறார்களா? பள்ளி வருகைப் பதிவேட்டை வாங்கி, அந்தப் பெண் வராத நாட்களையும் அம்மாவின் பயிற்சி நாட்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.