அரபியில் எதிர்மறை வாக்கியம்: தமிழ் வழியாகப் போனால் சுலபம்

ரங்கூனில் வளரும் நம் பிள்ளைகளுக்கு அரபி எதிர்மறை குழப்புவதற்கு ஒரு காரணம், நாள் முழுக்க வாயில் ஓடும் பர்மிய மொழி. 'ம த்வா பூ' என்றால் போகவில்லை, போகமாட்டேன் இரண்டுமே ஆகும், காலத்தைப் பேச்சின் போக்கை வைத்துப் புரிந்துகொள்ள வேண்டும். அரபியில் இது நடக்காது. வீட்டுத் தமிழை நினைத்துக்கொள்ளுங்கள். போகவில்லை, போகமாட்டான், போகாதே என்று ஏற்கெனவே பிரித்துத்தானே பேசுகிறோம்!

'யக்துபு', எழுதுகிறான். முன்னால் லா வந்தால் 'லா யக்துபு', எழுதுவதில்லை. கடைசி ளம்மா, அதாவது 'உ' ஒலி, அப்படியே இருக்கும். லன் வந்தால் 'லன் யக்துப', எழுதமாட்டான், கடைசியில் ஃபத்ஹா, அதாவது 'அ' ஒலி. லம் வந்தால் 'லம் யக்துப்', எழுதவில்லை, கடைசியில் சுக்கூன், அதாவது நம் புள்ளி எழுத்து மாதிரி உயிர் இல்லாத மெய்.

இந்த லம்மில் கொஞ்சம் நின்று போங்கள். வினை நிகழ்கால உருவத்தில் இருக்கும், ஆனால் பொருள் இறந்தகாலம். இதற்குப் புது உதாரணம் தேட வேண்டாம், குர்ஆனின் குல்ஹுவல்லாஹு சூராவில் 'லம் யலித் வலம் யூலத்' என்று சின்ன வயதிலிருந்தே ஓதுகிறோம்: அவன் பெறவுமில்லை, பெறப்படவுமில்லை. அடுத்த வசனத்தில் 'வலம் யகுன்' வருகிறதே, அது 'யகூனு'தான்; லம் வந்து கடைசி எழுத்துக்கு சுக்கூன் போட்டதும் இரண்டு சுக்கூன் அடுத்தடுத்து நிற்க முடியாமல் நடு நெடில் விழுந்துவிட்டது.

பன்மையில் கடைசியில் வரும் நூன் என்ற 'ன' எழுத்தைக் கவனியுங்கள். 'லா யக்துபூன' என்பதில் நூன் நிற்கும், லம்முக்கும் லன்னுக்கும் பின்னால் 'யக்துபூ' என்று உதிர்ந்துவிடும்.

'லா தக்துபு' நீ எழுதுவதில்லை, 'லா தக்துப்' எழுதாதே. நிறுத்திப் படித்தால் இரண்டும் ஒரே மாதிரி கேட்கும், அதனால் பழகும்போது கடைசி உயிரை முழுசாகச் சொல்லுங்கள்.

இறந்தகால வினையோடு மா சேர்த்து 'மா கதப' என்றாலும் எழுதவில்லைதான். ஆனால் மா வந்தாலே எதிர்மறை என்று முடிவு கட்டாதீர்கள். 'லா அஃபுது மா தஃபுதூன்' (நீங்கள் வணங்குவதை நான் வணங்கமாட்டேன்) என்ற குர்ஆன் வசனத்தில் மறுப்பது லா மட்டும், மா என்பது 'நீங்கள் வணங்குவதை' என்பதில் உள்ள 'அதை'.

வினையே இல்லாத வாக்கியமா? அங்கே லைஸ. 'அல்பைத்து கபீருன்', வீடு பெரியது. 'லைஸல் பைத்து கபீரன்', வீடு பெரியது அல்ல. கபீருன் கபீரன் ஆனதைப் பாருங்கள், பலர் விடுவது அதைத்தான். அப்புறம் லைஸ ஆளுக்கு ஏற்ப மாறும்: நான் என்றால் லஸ்து, நீ என்றால் ஆணுக்கு லஸ்த, பெண்ணுக்கு லஸ்தி, அவள் என்றால் லைஸத்.